அரை ரூபாயின் கடைசி எண்

மார்த்தாண்டம் டிப்போவில் கண்டக்டராக இருந்த முத்துநாயகம் எனக்குத் தாய்மாமன். அவர் வண்டியில் ஏறி இறங்கியவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: கொடுத்த சில்லறையை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, தோல்பைக்குள் போட்டுவிடுவார். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து காலையில் வரும் வண்டியில், மீன்பாத்திரங்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் இந்தத் தடவல். 2005 வாக்கில் புதிய எஃகு நாணயங்கள் வந்து, ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒன்றுபோல் தெரிந்த காலத்தில் மற்ற கண்டக்டர்களெல்லாம் காசை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். மாமாவுக்கு அந்தச் சிரமம் வரவில்லை.

அந்த விரலை அவர் பழக்கியது பஸ்ஸில் அல்ல. மார்த்தாண்டம் சந்தைக்குப் பக்கத்தில் நாராயணபெருமாள் என்பவரின் வெள்ளிக்கடை இருந்தது. உருக்குவதற்காக வரும் பழைய கொலுசும் அரைஞாணும் அங்கே ஒரு தட்டில் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் சில சமயம் பழைய வெள்ளிக்காசும் கிடக்கும். வார ஓய்வு நாளில் மாமா அங்கே போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தட்டைக் கிளறுவார். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். காசு கிடைத்தால் எடைக்கு விலை. கிடைக்காவிட்டால் ஒரு டீ.

அவர் சேர்த்தது ஒரே ஒரு வகை, திருவிதாங்கூர் அரை ரூபாய். எங்கள் தாலுகாக்கள் 1956 வரை அந்தப் பக்கத்தோடு கிடந்தவை. அந்தக் காசில் ஆண்டு கொல்லம் கணக்கில், அதாவது மலையாள ஆண்டில், இருக்கும்: 1112, 1118 என்று. தெரியாதவர்கள் பார்த்தால் சோழர் காலத்துக் காசு என்று நினைத்துக்கொள்வார்கள். மாமா ஒரு பலாப்பலகையில் ஆண்டுக்கு ஒரு குழி என்று தச்சனிடம் குடைந்து வாங்கி, ஒவ்வொரு குழிக்குக் கீழேயும் அந்த ஆண்டைச் சூட்டுக்கோலால் எழுதி வைத்திருந்தார். நான் சின்ன வகுப்புகளில் மலையாளமும் பிறகு தமிழும் படித்தவள். காசில் உள்ள மலையாள எழுத்தை என்னைத்தான் வாசிக்கச் சொல்வார். நான் வாசித்ததைத் திருத்தியதே இல்லை. அப்போதே அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

பலகையில் ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. அதன் கீழே 1116. பத்தொன்பது வருஷம் அது காலியாகவே கிடந்தது.

இது வீட்டுக்குள் இருக்கும் ஆசையென்றால் பரவாயில்லை. நாகர்கோவிலில் ஒரு நாணயச் சங்கம் உண்டு. ஒவ்வொரு தை மாதமும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைப்பார்கள். வாசலைத் தாண்டியதும் வெல்வெட் துணி விரித்த முன்மேசைகள், பெயர் எழுதிய அட்டையோடு. அது முழு வரிசை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். குறை வரிசைக்காரர்களுக்கு மண்டபத்தின் பின்பக்கம் ஒரு நீளப் பொதுமேசை. சங்கத்தின் செயலாளர் சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே அவரை வைகுண்டராஜன் என்று வைத்துக்கொள்கிறேன், அது அவர் பெயர் அல்ல. அவரிடம் மாமாவுடைய அதே வரிசை முழுசாக இருந்தது. வருஷாவருஷம் மாமா போய்க் கேட்பார். வைகுண்டராஜன் வருஷாவருஷம் ஒரே பதிலைச் சொல்வார். குழி நிறைந்தால் மேசை.

மாமாவின் வயதைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பிறந்தது கொல்லம் 1125 ஐப்பசியில். கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்கும். ஆகவே ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை பிறந்தவர்களுக்கு 824 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு 825 கூட்ட வேண்டும். மாமாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த தலைமையாசிரியர் இந்த வேறுபாட்டில் நேரம் செலவழிக்காதவர். எல்லோருக்கும் 825 கூட்டினார். 1949இல் பிறந்த மாமா ரிஜிஸ்டரில் 1950இல் பிறந்தார். சிதறால் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து டிப்போவுக்கு வேலைக்கு வந்தவர்கள் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் ஆவணிக்கும் மார்கழிக்கும் இடையில் பிறந்தவர்கள். டிப்போவில் அவர்களுக்கு ‘இருபத்தஞ்சு செட்டு’ என்றே பெயர். நாலு பேரும் ஐம்பத்தெட்டு முடிந்து ஐம்பத்தொன்பதில் ஓய்வு பெற்றார்கள். மாமா 2008 நவம்பரில்.

2009 கடைசியில் நாராயணபெருமாள் கடைத் தட்டில் மாமாவுக்கு ஒரு காசு கிடைத்தது. அரை ரூபாய், நன்றாகத் தேய்ந்தது. ஆண்டில் முதல் மூன்று எண்களும் தெளிவாக இருந்தன. 111. நாலாவது எண் ஆறாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். எட்டு அவரிடம் ஏற்கெனவே மூன்று இருந்தது.

நான் அப்போது மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் எக்ஸ்ரே பிரிவில் இருந்த ஒரு எகிப்தியர் பழங்காசு சேர்ப்பவர். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் காசை ஆராய்ந்து, தரம் குறித்து, ஆண்டு எழுதிய சீட்டோடு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறது என்றும், தான் வருஷத்துக்கு ஒருமுறை அனுப்புவதாகவும் சொன்னார். லீவுக்கு ஊருக்கு வந்தபோது இதை மாமாவிடம் சொன்னேன். அவர் அந்தக் காசைப் பருத்தித் துணியில் சுற்றி என் கையில் தந்தார்.

எகிப்தியர் அதைப் பார்த்ததும் இது ஹிஜ்ரி ஆண்டா என்று கேட்டார். இல்லை, கொல்லம் என்றேன். கொல்லம் எந்த நாடு என்று கேட்டார். அதை விளக்கி முடிப்பதற்குள் மதிய இடைவேளை முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தில் படிவத்தை நிரப்பினோம். நாடு, மதிப்பு, ஆண்டு. ஆண்டுக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று அவர் சொன்னார். நான் மாமாவுக்குப் போன் போட்டேன்.

“ஆறாட்டு இருக்கணும்ணு ஆசை மக்களே. எட்டா இருந்தாலும் இருக்கும். அவனுவ பாத்துச் சொல்லட்டு” என்றார்.

கட்டத்தில் நாலு எண்களுக்குத்தான் இடம் இருந்தது. நான் 1116 என்று எழுதினேன்.

அடுத்த வருஷம் டிசம்பரில் நான் லீவுக்கு வரும்போது உறை என் பெட்டியில் இருந்தது. சீட்டில் 1116 என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஆங்கில ஆண்டு, ஒரு பட்டைக்கோடு, ஒரு நீளமான எண். மாமா அதை வாங்கி முதலில் கட்டைவிரலால் தடவினார். பிளாஸ்டிக்கைத்தான் தடவ முடிந்தது. இதற்கு என்ன பேர் என்று ஞானசெல்வி மாமி கேட்டாள். ஸ்லாப் என்று சொல்வார்கள் என்றேன். ஓடைக்கு மேலே போடுவதா என்று கேட்டுவிட்டு மாமி அடுக்களைக்குப் போனாள்.

அந்த வாரம் முழுவதும் மாமாவின் நடையே மாறியிருந்தது. நாகர்கோவிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வைகுண்டராஜன் முன்மேசைப் பட்டியலில் அவர் பெயரை எழுதிக்கொண்டாராம். பெயர் அட்டையில் முன்னெழுத்து போடவேண்டுமா என்றும் கேட்டாராம். மாமா வெள்ளைச் சட்டை ஒன்றைக் கஞ்சி போட்டு வைக்கச் சொன்னார். பலகையில் அந்தக் குழிக்குள் உறை நுழையாது என்பதால், தச்சனிடம் கொண்டுபோய்க் குழியைச் சதுரமாக வெட்டலாமா என்று அளவெடுத்தார்.

அளவெடுக்கும்போதுதான் அது நடந்தது. பூதக்கண்ணாடியை வைத்து உறையின் ஓரத்தைப் பார்த்தவர், ஆண்டின் முதல் ‘ஒன்று’க்குப் பக்கத்திலிருந்து விளிம்பு வரை மயிரிழைபோல ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாகக் கடைசி எண்ணையே தேடியவர் இந்தக் காசு கிடைத்தபோதும் கடைசி எண்ணைத்தான் பார்த்திருக்கிறார். முதல் எண் பக்கம் கண் போகவில்லை. எழுந்துபோய்த் தன்னுடைய மூன்று எட்டுகளையும் எடுத்து வந்து வரிசையாக வைத்தார். இரண்டில் அதே இடத்தில் அதே கோடு.

அதை எனக்கு அவர்தான் விளக்கினார். காசு அடிக்கிற இரும்பு அச்சு அடித்து அடித்து ஒரு நாள் லேசாக வெடிக்கும். வெடித்த அச்சை உடனே மாற்றமாட்டார்கள். அதற்குப் பிறகு அதில் அடிக்கிற காசில் எல்லாம் அந்த வெடிப்பு ஒரு கோடாக விழும். கோடு ஒன்று என்றால் அச்சு ஒன்று. ஆண்டும் அச்சிலேயே வெட்டியிருப்பதால், அச்சு ஒன்று என்றால் ஆண்டும் ஒன்று. அவர் கையில் இருந்தது நாலாவது எட்டு.

இரண்டு நாள் நாலு காசையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவருடைய கூட்டாளி குமாரதாஸ் வந்தார். மார்த்தாண்டத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், அவரும் காசு சேர்ப்பவர். கண்ணில் மாட்டுகிற லென்ஸோடு வந்து நாலு காசையும் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டு, அதனால் என்ன என்று கேட்டார்.

“ஓய், அமெரிக்காக்காரன் ஆறுண்ணு எழுதி அடச்சுத் தந்தாச்சு. இனி அது ஆறுதான். நீரு பஸ்ஸுல ஸ்டாப்பு வந்தாச்சு எறங்குண்ணு சொன்னா ஜனங்க எறங்கினாளா இல்லியா? எறங்கிப் பாத்தா ரெண்டு பர்லாங்கு முன்னால நிக்கும். உம்மகிட்ட ஒருத்தன் கேட்டானா?”

“நெறய பேரு கேட்டிருக்கினும்” என்றார் மாமா. “நான்தான் விசில் அடிச்சுட்டுப் போயிருக்கேன்.”

குமாரதாஸ் விடவில்லை. கண்காட்சிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் முதல் எண்ணுக்குப் பக்கத்தில் லென்ஸ் வைக்கப்போகிறார்கள் என்று கேட்டார். காசை விற்றால்தானே ஏமாற்று, வைத்திருந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். நானும் அவர் பக்கம்தான் இருந்தேன். மாமா பொய் சொல்லவேண்டாம், உறையை மேசையில் வைத்தால் போதும், சீட்டு சொல்லிக்கொள்ளும் என்றேன். எனக்கு அது முடிந்துபோகவேண்டும் என்று இருந்தது. அந்த 6 யாருடைய 6 என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமி முறத்தில் அரிசியோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் முன்மேசை வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஓய்வு நாளெல்லாம் வெள்ளிக்கடையில் போனது அவளுடைய ஓய்வு நாளும்தான். அவள் நேராக அடித்தாள்.

“எட்டுநூத்தி இருபத்தஞ்சுல ஒரு வருசம் கூடுதலா விசில் ஊதினியளே. அப்போ ஒரு பூதக்கண்ணாடியும் காணல்லியே.”

மாமா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, “அது நான் நிக்கரு போட்ட காலத்துல வேற ஒருத்தரு எழுதினது. இத நான் தெரிஞ்சுக்கிட்டே ஆறுக்க குழியில வச்சா எழுதுயது நானாக்கும்” என்றார்.

“நிக்கரு போட்டவனுக்குத் தெரியாது, செரி. பென்ஷன் பேப்பருல கையெழுத்துப் போட்டவனுக்குத் தெரியும்லா?”

மாமா உறையைக் கையில் எடுத்துத் திருப்பினார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் கூடுதல் வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. என் தம்பி அஜின் கல்யாணத்துக்குக் காக்கி உடுப்போடு வந்து, தாலி கட்டியதும் அடுத்த டிரிப்புக்கு ஓடினார். அன்று எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமியும் அதை நினைத்திருக்க வேண்டும், முறத்தில் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் நான் சொன்னேன். மருத்துவமனையில் ரத்தம் எடுத்த குப்பியில் ஒட்டுகிற பெயர்ச்சீட்டை மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பேன். அந்தப் படிவத்தில் மட்டும் ஒரு முறைகூட யோசிக்கவில்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள், நான் எழுதினேன் என்றேன்.

“நீயா எழுதினே?” என்றார் குமாரதாஸ்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. உறையைப் பார்த்தார். “நீ எழுதினாலும் அவனுவ மாத்தியிருக்கலாமுல்லா?”

“மாத்தியிருக்கலாம் மாமா. கடைசி எண்ணு தெளிவா இல்ல. நாம எழுதினதையே எடுத்துக்கிட்டாங்கன்னு நெனைக்கேன்.”

“அப்போ இது அமெரிக்கா சொன்னது இல்ல” என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். “நான் ஆசப்பட்டேன், நீ எழுதினே, அவன் அச்சடிச்சிருக்கான்.”

திருப்பி அனுப்பிச் சீட்டை மாற்றி வாங்கலாம், எகிப்தியர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று நான் அவசரமாகச் சொன்னேன். குமாரதாஸ் வேறொன்று சொன்னார். சீட்டு தப்பாக விழுந்த உறைகளையே தேடிச் சேர்க்கிறவர்கள் உண்டு, பேசாமல் அப்படியே வைத்துக்கொள்ளும் என்றார். மாமா இரண்டையும் கேட்டுக்கொண்டார். திருப்பி அனுப்ப அவருக்கு இஷ்டமில்லை.

“எட்டுண்ணு நாம எழுதிக் குடுப்போம். அவன் எட்டுண்ணு அடிச்சுத் தருவான். அதுவும் நாம சொன்னதுதானே மக்களே.”

மறுநாள் நானும் அவரும் நாகர்கோவிலுக்குப் போனோம். வைகுண்டராஜன் வீட்டில் எங்களை உட்காரவைத்து, உறையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்து, நல்ல காசு என்றார். மாமா கோட்டைக் காட்டினார். தன்னுடைய எட்டுகளையும் கொண்டுபோயிருந்தார். அவற்றை வைகுண்டராஜன் கையால் தொடவே இல்லை. சீட்டு இருக்கிறது, சங்கத்துக்குச் சீட்டு போதும் என்றார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். இதைவிட என்ன வேண்டும்? செயலாளரே சொல்கிறார்.

“எனக்குப் போதாது” என்றார் மாமா.

வைகுண்டராஜனுக்கு அது பிடிக்கவில்லை. “மயிர்க் கோட்ட வச்சு வருசம் சொல்ல ஆரம்பிச்சா, ஒருத்தன் பலகையும் முழுசா இருக்காது வே. பாத்துக்கிடும்” என்றார். பிறகு பட்டியலை எடுத்து மாமாவின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். அளவுகோல் வைத்து அடித்தார். சர்வே இலாகாக்காரர்.

திரும்பும்போது தக்கலை தாண்டியதும் மாமா என்னிடம் ஒன்று கேட்டார். மஸ்கட்டில் ஆண்டுக்கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று. தெரியாது, வாங்கியிருக்கமாட்டார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். இரண்டு ஸ்டாப் கழித்து, அந்தத் தலைமையாசிரியரின் ரிஜிஸ்டரிலும் கட்டம் இருந்திருக்கும் என்றார்.

கண்காட்சி நடந்தபோது நான் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டேன். மீதியை மாமா போனில் சொன்னதிலிருந்தும் குமாரதாஸ் சொன்னதிலிருந்தும் சேர்த்து எழுதுகிறேன். குமாரதாஸ் சொன்னதில் பாதியைத்தான் எடுத்திருக்கிறேன்.

மாமாவின் பலகை பின்பக்கப் பொதுமேசையில், சோதனைக்கூடக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. 1116க்குக் கீழே காலிக் குழி. 1118க்குப் பக்கத்தில் அந்த உறை. அதை அவர் உடைக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. அதன் அடியில் நோட்டுத்தாளில் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்: ‘உறையில் 1116 என்று இருக்கிறது. உள்ளே இருப்பது 1118. தப்பாக எழுதிக்கொடுத்தது நாங்கள்தான்.’ எனக்கு அந்த ‘நாங்கள்’ போதுமானதாக இருந்தது. என்னைத் தனியாக விடவில்லை.

அந்தத் தாளை வாசித்தவர்கள் நகரவில்லை. எங்கே தப்பு, எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். மாமா பூதக்கண்ணாடியைக் கொடுத்து, முதல் ஒன்றைப் பாருங்கள், விளிம்பைப் பாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். குமாரதாஸ் நின்று ஆட்களை வரிசையில் விட்டார். முன்பக்கம் நில், பின்பக்கம் இறங்கு என்று கண்டக்டரைப் போலவே கூவி மாமாவைக் கிண்டல் பண்ணினாராம். முன்மேசைகளில் வெல்வெட் துணி மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒருவர் மட்டும், அமெரிக்கக் கம்பெனி தப்புப் பண்ணாது, நீங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று மாமாவிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார். மாமா அவருக்கும் கண்ணாடியை நீட்டியிருக்கிறார். அவர் வாங்கவில்லை.

பார்த்துவிட்டுப் போனவர்களில் சங்கத்துக்காரர்களும் இருந்தார்கள். வீட்டுக்குப் போய் எல்லோரும் தங்களுடைய ஆறுகளை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் ஒருவர் வந்து தன் ஆறு சுத்தம், கோடு இல்லை, ஆறின் வயிறும் நன்றாகத் தெரிகிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் வந்து ஒன்றும் சொல்லாமல் போனார்.

அன்று மதியம் மண்டபம் காலியாக இருந்த நேரத்தில் வைகுண்டராஜன் பொதுமேசைக்கு வந்தார். உமக்க கண்ணாடியைக் கொஞ்சம் தாரும் என்று கேட்டார். அவர் கை மூடியிருந்தது. மூடிய கைக்குள் என்ன இருக்கும் என்று மாமாவுக்குத் தெரியும். வைகுண்டராஜனுடைய ஆறும் தேய்ந்த ஆறுதான், எப்போதோ ஒரு வியாபாரி எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டோடு வாங்கியது. மாமா கண்ணாடியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார்.

டீக்கடை எதிரிலேயே இருந்தது. அவர் அங்கே பேப்பர் முழுவதையும் வாசித்தார். விளம்பரம், மரண அறிவிப்பு எல்லாம் வாசித்தார். உடனே திரும்பினால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டி வரும். அதற்காக இரண்டு டீயும் மேசையில் இருந்து பாலாடை கட்டும் வரை உட்கார்ந்திருந்தாராம்.

திரும்பி வந்தபோது முன்மேசையில் வைகுண்டராஜனின் வரிசையில் ஒரு குழி காலியாக இருந்தது. அதன் மேல் இருந்த ‘முழு வரிசை’ என்ற அட்டையும் இல்லை. வைகுண்டராஜன் பொதுமேசையின் இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாமா டீயைக் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

“ஆறிப்போச்சு வே.”

“ஆறு போச்சா?” என்று மாமா கேட்டுவிட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். காதில் அப்படித்தான் விழுந்ததாம்.

வைகுண்டராஜன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “ரெண்டும்தான்” என்றார். முதலில் சிரித்தது அவர்தான்.

இதையெல்லாம் மாமா என்னிடம் சொன்னது நாலைந்து மாதம் கழித்து. அங்கே யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னார். அதனால்தான் பெயரை மாற்றினேன். உங்களுக்குச் சந்தோஷமா மாமா என்று கேட்டதற்கு, சந்தோஷப்பட என்ன இருக்கிறது, இரண்டு பேரிடமும் ஆறு இல்லை என்றார். மாமி பின்னாலிருந்து போனைப் பிடுங்கி, இப்போது ஓய்வு நாள் மட்டுமல்ல, நினைத்த நாளெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பிவிடுகிறார்கள், திருவனந்தபுரம் சாலைக்கடைத்தெருவில் ஒரு வெள்ளிக்கடை மிச்சமில்லை என்று குறை சொன்னாள். களியக்காவிளையில் இறங்கிக் கேரள வண்டிக்கு மாறுவார்களாம். ஓய்வு பெற்ற கண்டக்டர் என்று மாமாவுக்குக் கொடுத்த இலவசப் பாஸ் அந்த வண்டியில் செல்லாது. வைகுண்டராஜன்தான் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கிறார். மாமா அதை வாங்கி, ஏறிய இடமும் இறங்கும் இடமும் சரியாக அடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பாராம்.

இதுவரை ஆறு கிடைக்கவில்லை.